பழைய ஜிப்சியைத் தேற்றுவது எப்படி: எந்த வேலை முதலில், எது கடைசியில்

பழைய மாருதி ஜிப்சியை வாங்கி வாசலில் நிறுத்திய கையோடு எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "என்ன டயர் போடலாம்?" பிரேக் பிடிக்கிறதா, சேசிஸ் உறுதியாக இருக்கிறதா என்று முதலில் கேட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். வாங்கிய மாதமே 235 டயர், இரண்டு அங்குல உயரம். அடுத்த வாரம் பொள்ளாச்சி சாலையில் 55 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டீயரிங் கையை விட்டுத் தெறிப்பது போல உதறியது. முன்சக்கரம் திரும்பும் அச்சைத் தாங்கும் கிங்பின் பேரிங் நான் வாங்கும்போதே தேய்ந்திருந்தது. புது டயரையும் வண்டியை உயர்த்தப் போட்ட புதுப் பட்டையையும் (லீஃப் ஸ்பிரிங்) கழற்றி வைத்துவிட்டு முதலிலிருந்து வேலை பார்த்தேன். ஒரே வேலைக்கு இரண்டு கூலி. அதன்பிறகு நண்பர்கள் சிலரின் வண்டிகளுக்குக் கூடவே நின்றபோதும் தடுக்கி விழும் இடம் அதுவாகவேதான் இருந்தது.

கீழே உள்ள வரிசை மாருதி ஜிப்சிக்கு எழுதியது. பழைய மஹிந்திரா ஜீப் வைத்திருப்பவர்களுக்கு உதிரிபாகங்கள் மாறும், வரிசை மாறாது.

1. ஸ்பேனரைத் தொடும் முன் ஆர்.சி. புத்தகம்

ஆர்.சி.யில் இருக்கும் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துவிட்டுப் பார்க்க வேண்டும். ஜிப்சியில் இன்ஜின் மாற்றுவது சர்வ சாதாரணமாக நடந்த காரியம். ஆர்.சி.யில் ஏறாத இன்ஜினுக்கு நீங்கள் செய்யும் செலவெல்லாம் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) வண்டியைக் காட்டும் நாளில் வீணாகும்.

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுக்கு. அதற்குப் பிறகு வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அடுத்த புதுப்பிப்பு எப்போது என்பதை வைத்துத்தான் வேலையின் காலக்கெடு. ஆறு மாதத்தில் எஃப்.சி. வருகிறதென்றால், அதுவரை பிரேக், விளக்கு, துரு இவை மூன்றைத் தவிர எதையும் தொடாதீர்கள்.

டெல்லியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அங்கிருந்து மலிவாக வண்டிகள் தெற்கே வருகின்றன. தடையின்மைச் சான்று கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். ராணுவ ஏலத்தில் வந்த வண்டி என்றால், ஏலத் தாள்களை வைத்து இங்கே பதிவு முடித்த பிறகே மற்ற வேலை.

எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை போகும், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. முன்னால் மாட்டும் புல் பாரை 2017 இறுதியிலேயே மத்திய அரசு கூடாது என்று சொல்லிவிட்டது. நிறம் மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

ஆசையாகப் பலர் அடிக்கும் அந்த ராணுவப் பச்சை இருக்கிறதே, மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி அது பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும்தான். பெயிண்ட் காசு கொடுத்த பிறகு இது தெரியவந்தால் வயிற்றெரிச்சல்.

2. உங்களுடையது எந்த ஜிப்சி?

உதிரிபாகக் கடையில் "ஜிப்சிக்கு வேணும்" என்று மட்டும் கேட்டால் பாதி நாள் தவறான பொருள்தான் கைக்கு வரும். 1985 இறுதியில் வந்த முதல் ஜிப்சிக்கு 970 சி.சி. இன்ஜின், நான்கு கியர். 1993-இல் சக்கர இடைவெளி அகலமாகி வந்தது. 1996-இல் வந்த ஜிப்சி கிங்குக்கு 1,298 சி.சி., ஐந்து கியர், கார்புரேட்டர். 2000-இல் அதே கிங்குக்கு கார்புரேட்டருக்குப் பதில் கணினி அளந்து பெட்ரோல் தெளிக்கும் 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் வந்தது, 80 குதிரைத்திறன். இவற்றுக்கிடையே ஆக்சில், ஷாஃப்ட் (சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு), இன்ஜின் பாகங்கள் பல பொருந்தாது.

எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. எஸ்டீம், வெர்சா கார்களிலும் இதே இன்ஜின் குடும்பம்தான், ஆகையால் உள்பாகங்கள் பல கிடைக்கும். ஆனால் எஸ்டீமில் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும், ஜிப்சியில் நெடுக்காக. சம்ப் (அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி), மவுண்டிங் போன்றவை அப்படியே மாறிப் போடாது. கடைக்குப் போகும்போது சேசிஸ் எண்ணும் கழற்றிய பழைய பாகமும் கையில் இருக்கட்டும்.

3. சேசிஸைத் தட்டிப் பாருங்கள்

இந்த வேலைக்குச் செலவில்லை. ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பழைய திருப்புளி, ஒரு டார்ச், அரை நாள் பொறுமை.

முதலில் அடிப்பகுதியைத் தண்ணீர் அடித்துச் சேறு போகக் கழுவுங்கள். காய்ந்ததும் சேசிஸின் இரண்டு நீளச் சட்டத்தையும் முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். உள்ளே உளுத்த இரும்பு, பழைய தகர டப்பாவைத் தட்டியது போல மந்தமாகக் கேட்கும். சந்தேகமான இடத்தில் திருப்புளியை அழுத்துங்கள். உள்ளே போனால் போனதுதான்.

கவனமாகப் பார்க்க வேண்டிய இடங்கள்: பட்டையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள் மாட்டும் இடம், பாடி மவுண்ட் ரப்பர்களைச் சுற்றி, பின்சக்கர வளைவின் உட்புறம், காலடித் தரை, பின் குறுக்குச் சட்டம். அடியில் புதிதாகக் கறுப்புத் தார் பெயிண்ட் பூசியிருந்தால் விற்றவர் எதையோ மறைக்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள்.

ஏன் இது இவ்வளவு முன்னால் வருகிறது? வெல்டிங் வேலை வந்தால் டேங்க், பிரேக் பைப், ஒயரிங் எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டும். அவற்றைப் புதிதாகப் போட்ட பிறகு வெல்டரைக் கூப்பிட்டால் புதியதைக் கழற்றிப் பழையபடி மாட்டும் வேலைதான் மிஞ்சும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். எம்.பி.எஃப்.ஐ. என்றால் இ.சி.யு. (இன்ஜினை நடத்தும் கணினி) சாக்கெட்டையும் உருவிவிடுங்கள், அது போனால் செலவு பெரிது. சேசிஸ் எண் அடித்த இடத்துக்கு அருகில் கிரைண்டரோ வெல்டிங்கோ வேண்டவே வேண்டாம்.

சேசிஸ் நிறைய இடங்களில் போயிருந்தால், இங்கேயே நின்று கணக்குப் போடுங்கள். வண்டியை விற்றுவிட்டு வேறு பார்ப்பது பல சமயம் மலிவு. சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

4. ஒரு நோட்டு, மூன்று பட்டியல்

பார்த்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று, வண்டி நிற்கவும் திரும்பவும் வேண்டியவை. இரண்டு, நடுவழியில் நிற்காமல் ஓட வேண்டியவை. மூன்று, ஆசைகள். முதல் பட்டியல் முழுதும் அடிபடாமல் மூன்றாவதில் ஒரு வரியைக்கூடத் தொடுவதில்லை என்பது உங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம்.

அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், எதைக் கழற்றினால் இந்த வேலை நடக்கும் என்று எழுதுங்கள். பட்டியலின் பயனே இதில்தான் இருக்கிறது. ஆக்சில் முனையில் முன்சக்கரத்தோடு திரும்பும் நக்கிளைத் திறந்தால் கிங்பின் பேரிங், வீல் பேரிங், உள் ஆயில் சீல் மூன்றும் ஒரே திறப்பில் முடியும். டைமிங் பெல்ட் மூடியைத் திறந்தால் தண்ணீர் பம்ப்பும் அங்கேயே. கிளட்ச் பார்க்க கியர்பாக்ஸை இறக்கினால் கியர்பாக்ஸ் சீல்களும் மவுண்டிங் ரப்பர்களும் கையெட்டும் தூரத்தில். ஒரே திறப்பில் முடிபவற்றை ஒரே வேலையாகக் கட்டிவிடுங்கள். கூலி பாதியாகக் குறைவது இங்கேதான்.

பணத்தில் மூன்றில் ஒரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் வையுங்கள். இருபது வருட வண்டியில் கழற்றிய பிறகு கண்ணில் படும் வேலை கட்டாயம் இருக்கும். துருப்பிடித்த போல்ட் ஒன்று உடைந்து, அதற்காக லேத்துக்கு ஓடி ஒரு நாள் போவதும் இந்தக் கணக்கில்தான்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, ஆர்வத்தில் வண்டியை ஒரே வாரத்தில் அக்கக்காகப் பிரித்துப் போடுவது. பிரித்த வண்டி பட்டறை மூலையில் இரண்டு மழைக்காலம் கிடந்து, பிறகு பழைய இரும்புக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வேலையைத் தொடங்கினால் அதை முடித்து, வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்தது. எதைச் செய்ததால் எந்தச் சத்தம் புதிதாக வந்தது என்பது அப்போதுதான் தெரியும்.

கையில் இருக்க வேண்டிய கருவிகள் குறைவுதான்: ஸ்பேனர், சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், கிரீஸ் கன், நல்ல ஜாக்கி, இரண்டு ஜாக் ஸ்டாண்ட், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். மண் தரை என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பலகை வையுங்கள். மாருதியின் சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் வாங்கி வையுங்கள், கீழே நான் எண் சொல்லாத முறுக்கு அளவுகள் எல்லாம் அதில் உண்டு.

5. எண்ணெய் அத்தனையும் மாற்றுங்கள்

விற்றவர் "போன மாசம்தான் மாத்தினேன்" என்பார். சரி, இருக்கட்டும். இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்னுக்கும் பின்னுக்கும் சுழற்சியைப் பிரிப்பது), முன் டிஃபரன்ஷியல் (ஆக்சிலில் இடமும் வலமும் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி), பின் டிஃபரன்ஷியல், கூலன்ட், பிரேக் ஆயில் என ஏழையும் மாற்றுங்கள். இறங்கும் எண்ணெயை ஒரு பரிசோதனையாகப் பாருங்கள். டிஃபரன்ஷியலிலிருந்து பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மையாக ஒட்டும் இரும்புத் தூள் கொஞ்சம் இருப்பது சகஜம். விரலில் நெருடும் செதில் வந்தால் உள்ளே பல் உடைகிறது, அது இரண்டாவது பட்டியலின் தலைக்கு ஏற வேண்டும்.

ஒரு முக்கியமான ஒழுங்கு: இறக்கும் மூடியைத் திறக்கும் முன், ஊற்றும் மூடி திறக்கிறதா என்று பாருங்கள். பழைய வண்டியில் அது இறுகிப் பிடித்திருக்கும். எண்ணெயை இறக்கிவிட்டு, ஊற்ற வழியில்லாமல், வண்டியை டோ செய்து பட்டறைக்குக் கொண்டுபோன நண்பர் ஒருவர் இருக்கிறார். இன்றுவரை கேலி ஓயவில்லை.

கியர் ஆயிலின் தரக்குறியைப் பாருங்கள்: கியர்பாக்ஸுக்கு ஜி.எல்.4, டிஃபரன்ஷியலுக்கு ஜி.எல்.5. எல்லாவற்றுக்கும் ஒரே டப்பாவிலிருந்து ஊற்றுவது பல இடங்களில் வழக்கம். ஜி.எல்.5-இல் உள்ள சேர்மானம் சில கியர்பாக்ஸ்களின் பித்தளை சின்க்ரோ வளையங்களுக்கு ஆகாது என்பதால் தனியாக வாங்குங்கள். அளவு, ஊற்றும் துளையின் விளிம்பு வரை, வண்டி சமதரையில் நிற்கும்போது.

6. பிரேக்

ஜிப்சி கிங்கில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். நான்கையும் திறந்து பாருங்கள்.

பின் டிரம்மின் உள்ளே ஈரம் இருந்தால் அது பிரேக் ஆயிலா கியர் ஆயிலா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். கியர் ஆயில் கெட்டியாக, கந்தக நாற்றம் அடிக்கும். அது ஆக்சில் சீல் வழியாக வருகிறது. சீலை மாற்றாமல் புது ஷூ போட்டால் ஒரே மாதத்தில் புது ஷூவும் எண்ணெயில் ஊறிவிடும். பிரேக் ஆயில் என்றால் வீல் சிலிண்டர் போயிருக்கிறது. ஒரு பக்கம் போயிருந்தால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள், இல்லையேல் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும்.

ரப்பர் ஹோஸ்களை வெளியே பார்த்து முடிவு செய்யாதீர்கள். இருபது வருட ஹோஸ் உள்ளே வீங்கி வழியை அடைத்திருக்கும். மிதித்தால் பிடிக்கும், விட்டால் விடாது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுச் சக்கர நடுவின் அருகே கையைக் கொண்டுபோனால் ஒரு பக்கம் மட்டும் கொதிக்கும். மலிவான பொருள்தான், ஹோஸ் அத்தனையும் மாற்றுங்கள். வண்டியை உயர்த்தும் எண்ணம் பின்னால் இருந்தால் இப்போதே நீளமான ஹோஸாக வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

7. ஸ்டீயரிங், கிங்பின்

என்னை உதறவைத்த இடம் இது, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கடிகாரத்தின் 12, 6 இடங்களில் டயரைப் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கூட ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்கவில்லை என்றால் கிங்பின். அடுத்து 3, 9 இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். அங்கே ஆட்டம் என்றால் பெரும்பாலும் டை ராடு (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) முனைகள்.

நக்கிளுக்கு வெளியே கறுப்புக் கூழாக ஒழுகுவதைப் பார்த்ததும் வெளிச் சீலை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். குற்றவாளி உள்ளே இருக்கிறான். ஆக்சில் குழாயின் உள் சீல் போனதால் டிஃபரன்ஷியல் எண்ணெய் நக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்துக்கொண்டு வெளியேறுகிறது. வெளிச் சீல் எத்தனை மாற்றினாலும் ஒழுகும். கிங்பின் பேரிங்கும் அதே கிரீஸை நம்பித்தான் வாழ்கிறது, அது கரைந்தால் பேரிங்கும் சீக்கிரம் போகும்.

ஆகவே நக்கிளை ஒரு முறை திறந்து, உள் சீல், கிங்பின் பேரிங் மேலும் கீழும், வீல் பேரிங், வெளிச் சீல் எல்லாம் இரண்டு பக்கமும் ஒரே மூச்சில் முடியுங்கள். மாட்டும்போது கிங்பின்னின் இறுக்கத்தை மெல்லிய ஷிம் தகடுகள்தான் தீர்மானிக்கின்றன. ஷிம் எடுத்தால் இறுகும், சேர்த்தால் தளரும். சீல் மாட்டும் முன் நக்கிள் முனையில் மீன் தராசைக் கொக்கியாக மாட்டி இழுத்து, எத்தனை கிலோவில் அசைகிறது என்று பார்த்து மேனுவலோடு ஒப்பிட வேண்டும். "கையில் ஆட்டிப் பாத்தேன், சரியா இருக்கு" என்பது இங்கே எடுபடாது.

ஸ்டீயரிங் டாம்பர் (உதறலைத் தணிக்கும் குட்டி ஷாக்) மாட்டினால் உதறல் நின்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், கொஞ்ச நாள் நிற்கும். தேய்மானம் மட்டும் உள்ளே தொடரும்.

8. சூடும் டைமிங் பெல்ட்டும்

பழைய வண்டி வாங்கியதும் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று பாருங்கள். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?" என்று கழற்றி எறிந்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் தன் சூட்டுக்கு வரத் தாமதமாகும். எம்.பி.எஃப்.ஐ. வண்டி, இன்ஜின் இன்னும் குளிராக இருக்கிறது என்று எண்ணிப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் இல்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை.

ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுங்கள், ஹோஸ்களையும் மூடியையும் புதிதாகப் போடுங்கள். கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் உள்ளே துருச்சேறு நிறைய இருக்கும்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்குச் சீட்டு இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட், டென்ஷனர், தண்ணீர் பம்ப், முன் ஆயில் சீல் நான்கும் ஒன்றாக. அறுந்தால் இன்ஜின் அந்த இடத்திலேயே நின்றுவிடும், அது பெரும்பாலும் செல்போன் டவர் இல்லாத இடமாக இருக்கும்.

9. ஷாஃப்ட், டிரான்ஸ்ஃபர் கேஸ்

ஜிப்சியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது. தனியாக ரப்பர் மவுண்டுகளில் தொங்கும், இரண்டுக்கும் நடுவில் ஒரு குட்டி ஷாஃப்ட். கிளட்சை விடும்போது "டங்" என்று அடித்தால் உடனே கியர்பாக்ஸை இறக்கச் சொல்லாதீர்கள். முதலில் மவுண்ட் ரப்பர், அப்புறம் யு.ஜே. கிராஸ் (ஷாஃப்ட் முனையில் மடங்கும் மூட்டு), அப்புறம் ஷாஃப்ட் போல்ட்டுகள். பாதி வண்டிகளில் சத்தம் இங்கேயே தீர்ந்துவிடும்.

ஷாஃப்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். வழுக்கும் பகுதியை ஒரு பல் தள்ளி மாட்டினால் இரு முனைக் கிராஸ்களும் ஒரே நேர்கோட்டில் வராது. வண்டி 40-க்கு மேல் நடுங்கும், காரணம் புரியாமல் அலைவீர்கள்.

நான்கு சக்கர ஓட்டத்தை மண்ணில், ஈரத்தில் மட்டும் சோதியுங்கள். இதில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார்ச் சாலையில் போட்டுத் திருப்பினால் முன்னும் பின்னும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருப்பதால் ஷாஃப்டெல்லாம் முறுக்கேறி நிற்கும், லிவரை எடுக்கவும் வராது. முன்சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கவும் பிரிக்கவும் கையால் திருப்பும் ஹப் இருந்தால் இரண்டு பக்கமும் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றை மறந்துவிட்டு "ஃபோர் வீல் வேலை செய்யல" என்று அழைத்தவர்கள் உண்டு.

10. பட்டைகள், உயரம்

சமதரையில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். இடமும் வலமும் கணிசமாக வித்தியாசப்பட்டால் ஒரு பக்கப் பட்டை தளர்ந்திருக்கிறது, அல்லது உடைந்திருக்கிறது. உயர்த்துவதைப் பற்றி யோசிக்கும் முன் பழைய உயரத்துக்கு வருவதுதான் வேலை. அதிலேயே பலருக்கு ஓர் அங்குலம் கிடைத்துவிடும்.

புஷ் மாற்றும்போது ஷேக்கிள் போல்ட்டுகளை வண்டி தூக்கியிருக்கையில் முழுதாக முறுக்காதீர்கள். லேசாக மாட்டி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, நாலு தடவை மேலும் கீழும் அழுத்தியபின் முறுக்குங்கள். தொங்கும் நிலையில் முறுக்கினால் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். யு போல்ட்டுகள் ஒரு முறை முறுக்கியதும் இழுபட்டவை, கழற்றினால் புதிது போடுங்கள்.

நீள ஷேக்கிள் போட்டு உயர்த்துவது மலிவு வழி. கணக்கு தெரிந்து செய்யுங்கள்: ஷேக்கிள் இரண்டு அங்குலம் நீண்டால் வண்டி ஓர் அங்குலம்தான் உயரும், பட்டையின் ஒரு முனை மட்டுமே இறங்குவதால். அத்தோடு முன் ஆக்சில் சற்றே சுழன்று கேஸ்டர் கோணம் (கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறையும், ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பாது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம், ஆனால் அப்போது ஷாஃப்ட் கோணம் கெடும். உயர்த்துவது என்பது ஷாக், பிரேக் ஹோஸ், ஷாஃப்ட் கோணம், கேஸ்டர் நான்கையும் சேர்த்து வரும் ஒரு மூட்டை. தனித்து வராது. மலைப்பாதையில் அதிகச் சாய்வும் கூடவே வரும் என்பதால், வழக்கமான தோட்டச் சாலைகளுக்கு இரண்டு அங்குலத்தைத் தாண்ட நான் சொல்லமாட்டேன். அதையும் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

11. இப்போது டயர்

கிங்கின் ரேடியல் அளவு 205/70 ஆர்15, விட்டம் சுமார் 668 மி.மீ. 215/75 ஆர்15 என்றால் 704. 235/75 ஆர்15 என்றால் 734. பெரிய டயர் போட்டால் ஆக்சிலுக்கு அடியில் கிடைக்கும் உயரம் வித்தியாசத்தில் பாதிதான்: 215-க்கு 18 மி.மீ., 235-க்கு 33 மி.மீ.

அதற்குக் கொடுக்கும் விலை? 235-இல் கியர் விகிதம் சுமார் 10 சதவீதம் உயர்ந்தது போல் ஆகும். இரண்டாவது கியரில் ஏறிய மேடு முதலாவது கேட்கும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜ வேகம் 66. ஓடிய கிலோமீட்டரையும் மீட்டர் குறைத்தே காட்டும், எண்ணெய் மாற்றும் கணக்கும் தள்ளிப்போகும். பிரேக் அதே பிரேக், டயர் பெரிது என்பதால் நிறுத்தும் பலம் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். பின் கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் எடை கூடி, கீல் பகுதி தகடு விரிசல் விடும்.

80 குதிரைத்திறன் வண்டிக்கு 215/75 போதும் என்பது என் கணக்கு. 60 குதிரைத்திறன் கார்புரேட்டர் கிங்குக்கு, அதிலும் குடும்பத்தோடு மலையேறுபவருக்கு, 205-ஏ சரி. இதில் என்னோடு சண்டைக்கு வருவோர் நிறைய.

வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. "புது டயர்" என்று தருவது கடையில் நாலு வருடம் கிடந்ததாக இருக்கலாம். ரேடியலையும் பழைய நைலான் டயரையும் கலந்து போடாதீர்கள்.

12. காசு குறைவு, பயன் அதிகம்

இரண்டு டிஃபரன்ஷியலின் மூச்சுக்குழாய்க்கும் ஒரு ரப்பர் குழாய் மாட்டி இன்ஜின் அறையின் மேல்பகுதிக்குக் கொண்டுபோங்கள். சூடான டிஃபரன்ஷியல் ஓடைத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சட்டென்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். முன்பு சொன்ன பால் காபி அப்படி வந்ததுதான். இன்ஜினுக்குக் காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் ஸ்நார்க்கலுக்குச் செலவிடும் முன் இதைச் செய்யுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரும் ஒயரிங்கும் நனைந்து நிற்கிற வண்டிக்கு ஸ்நார்க்கல் வெறும் அலங்காரம்.

எர்த் ஒயர்களைக் கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியத் தேய்த்து மாட்டுங்கள். பெயிண்ட் அடித்த வண்டியில் எர்த் மாட்டும் இடத்திலும் பெயிண்ட் இருக்கும், பாதி எலக்ட்ரிகல் பேய்கள் அதில்தான் குடியிருக்கின்றன. ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டால் அதே பல்பு கூடுதல் வெளிச்சம் தரும், சுவிட்சும் உருகாது.

இழுக்கும் கொக்கி முன்னும் பின்னும் சேசிஸில் உயர்தர போல்ட்டில் மாட்டியிருக்க வேண்டும். பம்பரில் கட்டி இழுத்தால் பம்பர் மட்டும் வரும், அதுவும் பறந்து வரும்.

13. பட்டறையில் பேசவேண்டியது

ஒரு தடவைக்கு ஒரு கட்டு வேலை மட்டும் எழுதிக் கொடுங்கள். கழற்றிய பழைய பாகம் அத்தனையும் டப்பாவில் வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மாற்றாமல் மாற்றியதாகச் சொல்வதைத் தடுக்க மட்டுமல்ல, அடுத்த முறை கடையில் காட்ட மாதிரியும் ஆகும். லீஃப் பட்டை ஒருவர், இன்ஜின் ஒருவர், ஒயரிங் ஒருவர் என்று ஆள் வேறுபடுவது நல்லதே. எல்லாம் தெரிந்தவர் கைக்குப் போன வண்டிகள்தான் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

டிங்கரிங், பெயிண்ட் கடைசி. எண்ணெய்க் கையோடு புதுப் பெயிண்டில் சாய்ந்து வேலை செய்யாத மெக்கானிக் யாரும் இல்லை.

14. சோதனை ஓட்டம்

முதல் 20 கிலோமீட்டர் வீட்டைச் சுற்றியே. நிறுத்தி நான்கு சக்கர நடுவையும் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் சுட்டால் பிரேக் அல்லது பேரிங். அடியில் அட்டை விரித்து இரவு நிறுத்துங்கள், எங்கே சொட்டுகிறது என்று காலையில் அட்டை சொல்லும்.

100 கிலோமீட்டரில் வீல் நட், யு போல்ட், ஷாஃப்ட் போல்ட் மூன்றையும் டார்க் ரெஞ்சால் மறுபடி முறுக்குங்கள். புதுப் பட்டை படிந்து உட்காரும்போது யு போல்ட் தளர்வது இயல்பு. 500-இல் இன்னொரு முறை.

அதற்குப் பிறகு ஒரு மலை. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. முதல் தடவை வால்பாறையோடு நிறுத்துங்கள். ஏறும்போது சூடு முள், இறங்கும்போது பிரேக். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள். கீழே ஆழியாறில் நிறுத்தி, பேனட்டைத் திறந்து, கூலன்ட் அளவையும் பிரேக் ஆயில் அளவையும் பார்த்து நோட்டில் தேதியோடு எழுதுங்கள். அளவு குறையாமல் இருந்தால் அடுத்த வாரம் மூன்றாவது பட்டியலைத் திறக்கலாம்.